புதுப்பிப்பு: மனநலப் பரிசோதனைக்கு வர மறுக்கும் பெரியவர்கள் – எந்த வழி பலித்தது

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடக்கும் பெரியவர்களை, "பைத்தியம்னு பேர் வந்துடும்" என்ற பயத்தை மீறி எப்படிச் சோதனைக்குக் கூட்டிப்போவது என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, இனிப்புநீர் (நீரிழிவு) சோதனைக்குப் போகும் நாளிலேயே இதையும் கேட்டுவிடுங்கள் என்று ஓர் அக்கா எழுதிய வழி. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). அதே கவுண்டர், அதே நாற்காலி. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நேராக மனநல நிபுணரிடம் போகலாம் என்றதற்கு யாரும் அசையவில்லை.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பிஎச்கியூ-9 தாளில் 9 கேள்விகள், கடந்த 2 வாரத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டர் விரிவாகப் பார்க்க வேண்டும்.

எதிர்பாராதது இதுதான்: மொழிபெயர்க்க மகனை உட்காரவைத்தால் 9-வது கேள்வி மழுங்கிவிடுகிறது. "செத்துப்போயிடலாம்னு தோணுதா" என்பது "மனசு சரியில்லையா" என்று மாறிவிடுகிறது. தமிழ் பேசும் மிஸி (தாதி) வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் குறைவாக இருந்தாலும், அன்றே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை கொடுத்தால் முதல் வாரம் குமட்டல் வரலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நடுராத்திரி நெருக்கடி என்றால், மனம்விட்டுப் பேச உதவும் தொலைபேசிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸ்: 03-7627 2929, 24 மணி நேரமும்.