பந்தி முடிஞ்சதும் ஒரு படம்: மதுரை மண்டபங்கள்ல போட்டோ பூத் போடுறவங்க பகிர்வு

திருமங்கலத்திலிருந்து

காதுகுத்து, வசந்த விழா (பொண்ணு வயசுக்கு வந்த சடங்கு), கல்யாண வரவேற்புன்னு, அங்கயே படமெடுத்து அச்சடிச்சுக் குடுக்கிற போட்டோ பூத் போடப் புதுசா வர்றவங்க முதல்ல கேட்கிறது எந்தக் கேமரா வாங்கலாம்னுதான். கேமரா கடைசிக் கவலை. ஆறு பேரு தோள்ல கைபோட்டுச் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள தாள் அவங்க கைக்கு வந்துறணும். விக்கிறதே அதைத்தான். "நாளைக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறோம்"னா, அதுக்கு அவங்க போனே போதும்.

500 பேர் வர்ற விசேஷத்துல பாதிப்பேரு பூத்துக்கு வந்தாலே பெருசு. நாலு பேருக்கு ஒரு கூட்டம்னா 60, 65 படம். ஆளுக்கு ஒரு தாள்னா 250. டி.என்.பி. ஆர்.எக்ஸ்1 எச்.எஸ். மாதிரி டை-சப் பிரிண்டர்ல (ரிப்பன்ல இருக்கிற சாயத்தைச் சூட்டால தாள்ல ஏத்துறது) 6×4 அங்குல அளவுல ரோலுக்கு 700 வரும், தாளுக்கு 12, 13 செகண்ட். நாலு பேருக்கும் 6×4 குடுத்தா 50 செகண்ட் ஆகும், வரிசை நின்னுரும். 6×4-ஐ நெட்டுக்க ரெண்டா வெட்டி 6×2 பட்டையாக் குடுங்க. ரெண்டு அச்சுல நாலு பட்டை, 25 செகண்ட். டெம்ப்ளேட் ஓரத்துல 3 மி.மீ. எழுத்து இல்லாம விடணும், இல்லைன்னா வெட்டும்போது மணமக்கள் பேரு போயிரும்.

செல்லூரிலிருந்து

திருமங்கலத்து அண்ணன் சொன்ன பிரிண்டர் கணக்கு சரி. சிக்கல் கரண்ட்ல வரும். மண்டபத்துல கரண்ட் போயி ஜெனரேட்டருக்கு மாறுற அந்த நொடியில அச்சு பாதியில நின்னா, அந்தத் தாளும் ரிப்பன்ல அந்தப் பகுதியும் வீண். சிலசமயம் தாளும் சிக்கிக்கும். கம்ப்யூட்டருக்கு வைக்கிற 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸை நம்பாதீங்க, 1 கே.வி.ஏ. வைங்க. சீரியல் லைட்டுக்காரர் இழுத்த ஜங்ஷன் பாக்ஸ்ல சேராம தனி பிளக் பாயிண்ட் கேளுங்க.

டை-சப் பிரிண்டருக்கு 35 டிகிரிக்கு மேல ஆகாது. சித்திரை, வைகாசியில பந்தல்ல அதைத் தாண்டிரும். அச்சடிக்கிற ஹெட் சூடாகி இடையிடையே நிக்கும். பிரிண்டரை ஏ.சி. ஹாலுக்குள்ள வைங்க. நேரா ஃபேன் போட்டா தூசி ரிப்பன்ல ஒட்டி, படத்துல நீளக் கோடு விழும். இங்க்ஜெட் மலிவுதான். ஆனா கை கழுவின ஈரத்தோட தாளை வாங்குவாங்க, மை கரைஞ்சிரும். டை-சப்ல மேல ஒரு பூச்சு ஏறிடுறதால சந்தனக்கை பட்டாலும் துடைச்சுக்கலாம்.

மேலூரிலிருந்து

வெளிச்சத்துக்கு ஒரு பிளாஷ், அதோட வெளிச்சத்தை மென்மையாக்குற ஒரு சாஃப்ட்பாக்ஸ் போதும். நிக்கிற ஆளுக்கு 45 டிகிரி சாய்வுல, தலைக்கு ரெண்டடி மேல. கேமராவை ஷட்டர் 1/125, துவாரம் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400-ல ஆரம்பிச்சு பிளாஷை மட்டும் கூட்டிக் குறைங்க. பட்டுச்சேலை ஜரிகை வெளுத்துப்போகும், வெளிச்சத்தை மூணுல ஒரு பங்கு ஸ்டாப் குறைச்சே வைங்க. முகத்தை வெள்ளையாக்குற ஃபில்டரை அணைச்சிடுங்க. அப்பத்தா தன் முகத்தைத் தாள்ல தேடுற நிலைமை வரக்கூடாது.

பளபள பிளெக்ஸை பேக்டிராப்பா (பின்திரையா) கட்டினா பிளாஷ் திருப்பி அடிக்கும். துணியில அச்சடிங்க, 8×8 அடி. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள 2018-லிருந்து செல்போன் தடை இருக்கிறதால வெளியூர்ச் சொந்தங்க பேக்டிராப்புல கோபுரப் படம் கேட்பாங்க. சாமி இருக்கிற கோபுரத்துக்கு முன்னால வேடிக்கைக் கண்ணாடி போட்டு நிக்கிறது வீட்டுப் பெரியவங்க மனசுக்கு ஒப்பாது. வண்டியூர் தெப்பக்குளத்து மையமண்டபம் போடுங்க, எல்லாருக்கும் பிடிக்கும்.

கையில பிடிக்கிற பலகை 5 மி.மீ. சன்போர்டு (லேசான நுரை அட்டை), மேட் பூச்சு. "மாமன் சீர் வந்தாச்சு", "பந்தி முடிஞ்சிருச்சு சித்தப்பு" மாதிரி நம்ம பேச்சுல எழுதினா வாங்கினவுடனே சிரிப்பாங்க. சல்லிக்கட்டுக் காளை கட்அவுட்டுக்குப் பிள்ளைங்க சண்டை போடும். அரிவாள், சாதி, கட்சி அடையாளம் எதுவும் பெட்டியிலயே இருக்கக்கூடாது. ஒரு படத்துல வம்பு ஆரம்பிச்சா விசேஷமே கெட்டுரும்.

வில்லாபுரத்திலிருந்து

இது 360 பூத் வைக்கிறவங்களுக்கு, அதாவது நடுவுல ஆளை நிறுத்தி, சுத்துற கையில கேமரா வச்சு வீடியோ எடுக்கிறவங்களுக்கு. ஸ்லோமோஷன்ல மண்டப விளக்கு விட்டுவிட்டு எரியிற மாதிரி வரும். காரணம், 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல பல விளக்கு செகண்டுக்கு 100 தடவை மங்கும். செகண்டுக்கு 120 ஃபிரேம்ல எடுத்தா அது அப்படியே தெரியும். கோப்ரோ கேமராவுல 50 ஹெர்ட்ஸுக்கு மாத்தினா 100 ஃபிரேம் கிடைக்கும், பெரும்பாலும் சரியாகிரும். பேட்டரி எல்.இ.டி. சொந்தமா வச்சா இன்னும் நிம்மதி.

சுத்துற கையில முந்தானை, தாவணி மாட்டும். ஏறுறதுக்கு முன்னாடி முந்தானையை இடுப்புல சொருகச் சொல்லுங்க. ரிமோட் பிடிச்ச ஆள் பார்வையை எடுக்கவே கூடாது. சுத்தி அஞ்சடிக்குக் கயிறு கட்டணும். தரை சமமில்லைன்னா அன்னைக்கு அதை ஓட்டாதீங்க.

ஒத்தக்கடையிலிருந்து

இடம்தான் பாதி வியாபாரம். வாசல்ல போட்டா மொய் மேசைக்கும் பந்திக்கும் ஓடுறவங்க நிக்க மாட்டாங்க. கை கழுவுற இடத்தைத் தாண்டி, பீடா ஸ்டால் பக்கத்துல போடுங்க; சாப்பிட்டவங்க சாவகாசமா நிப்பாங்க. தாய்மாமன் சீர் மேளத்தோட முப்பது பேரா வந்தா பூத்துக்குள்ள அடங்காது. அவங்களுக்கு மேடை ஓரமா வைடு லென்ஸோட ஒரு ஆள் தனியா வேணும்.

தாளுக்குக் காசுன்னு பேசாதீங்க. ஒரு தாளுக்கு மேல கேட்கிற அத்தைகிட்ட இல்லைன்னு சொல்ற நிமிஷமே சந்தோஷம் போயிரும். மணிக்கணக்குக்குப் பேசி, 7லிருந்து 10 வரைக்கும்னு எழுதி வாங்கிக்கங்க. 9.45-க்கு வரிசைக் கடைசியில ஒரு ஆளை நிறுத்தி, இதுக்கப்புறம் இல்லைன்னு பணிவாச் சொல்லச் சொல்லுங்க.

படங்களைப் போன்ல இறக்குற கியூ.ஆர். லிங்க்கை வீட்டுக்காரங்களுக்கு மட்டும் குடுங்க. வசந்த விழாவுல அந்தப் பிள்ளையோட படத்தை உங்க இன்ஸ்டாகிராம்ல போடவே போடாதீங்க, அப்பா அம்மா சரின்னாலும்.