கை, முகத்துக்கான நரம்பிழைகள் மட்டும் வரவில்லை

எம்.ஆர்.ஐ. வழியே மூளையின் நரம்புப் பாதைகளை வரைகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இறங்கும் இயக்கப் பாதையில் காலுக்குரிய இழைகள் அழகாக வருகின்றன. கைக்கும் முகத்துக்கும் உரியவை, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் இழைகள் குறுக்கிடும் இடத்தில் அறுந்துவிடுகின்றன. 12 பேரிடமும் இப்படித்தான், எல்லாரும் ஆரோக்கியமானவர்கள்.

ஸ்கேன் விவரம்: சென்னை, ஜனவரி. 3 டெஸ்லா, 64 திசைகள், பி-மதிப்பு (நீர் பரவலை ஸ்கேன் எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்ற அளவு) 1000, வாக்சல் (படத்தின் மிகச்சிறு கனசதுரம்) 2 மி.மீ. படப்பதிவின் திசையைத் திருப்பி எடுக்கும் எதிர்த்திசைப் படத்தை எடுக்காமல் விட்டுவிட்டார்கள் (அந்த வயிற்றெரிச்சல் தனி), அதனால் படத்தின் நெளிவைத் திருத்தும் டாப்அப் நிரலை ஓட்ட வழியில்லை.

தலையசைவு, எடி கரண்ட் (காந்தப்புலம் மாறும்போது எழுந்து படத்தை நெளிக்கும் மின்னோட்டம்) திருத்தம் முடிந்தது. திசை அட்டவணையில் குறி மாறியிருக்குமோ என்று சோதித்தேன், சரியாகவே இருக்கிறது. எஃப்.ஏ. (நீர் எவ்வளவு ஒரே திசையில் பரவுகிறது என்ற அளவு; இதற்குக் கீழே போனால் இழை வரைவது நிற்கும்) வரம்பை 0.2-லிருந்து 0.1-க்கு இறக்கினால் பொய் இழைகள்தான் பெருகின. ஒரு வாக்சலுக்கு ஒரே திசை என்று கொள்ளும் டென்சர் கணக்கை விட்டுவிட்டு, ஒரே வாக்சலில் பல திசைகளைப் பிரிக்கும் சி.எஸ்.டி. முறையை எம்ஆர்டிரிக்ஸ்3 மென்பொருளில் ஓட்டினேன், எல்மேக்ஸ் (திசைகளைப் பிரிக்கும் நுணுக்க அளவு) 8. கைப் பகுதிக்கு நாலைந்து இழைகள் எட்டிப் பார்த்தன. முகத்துக்கு ஒன்றுகூட இல்லை.

பி-மதிப்பு 1000 தரவிலேயே இந்தக் குறுக்கீட்டைப் பிரித்தெடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, இல்லை 3000-இல் மறுபடி ஸ்கேன் எடுத்தால்தான் ஆகுமா?