அப்பாவின் வருமான வரிக் கணக்கு ஆடிட்டர் கையில் சிக்கியிருக்கிறது: எப்படி மீட்பது?

மூத்த மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 78 வயது. ஓய்வூதியமும் வைப்புநிதி வட்டியும்தான் வருமானம். பதினைந்து ஆண்டுகளாக ஒரே ஆடிட்டர். செப்டம்பர் 12 அன்று தாக்கல் செய்துவிட்டதாகச் சொன்னார். இப்போது 2025 நவம்பர். தொலைபேசியை எடுப்பதே இல்லை. தப்பித்தவறி எடுத்தால் "ரீஃபண்ட் வந்துவிடும்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

போன வாரம் அப்பாவின் கோப்பிலிருந்த நகலைப் படித்தேன். அரசியல் கட்சிக்கு நன்கொடை 1,20,000 ரூபாய். அப்பா எந்தக் கட்சிக்கும் பத்து ரூபாய்கூடக் கொடுத்தவர் அல்லர். காப்பீட்டுத் தவணை 1,50,000. 78 வயதில் எந்தக் காப்பீடு? மருத்துவச் செலவு 50,000 மட்டும் உண்மை. இவற்றையெல்லாம் கழித்து 21,920 ரூபாய் திரும்ப வரும் என்று கணக்குக் காட்டியிருக்கிறார். வந்ததும் அதில் பத்தில் ஒரு பங்கு அவருக்குக் கூலி.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் நுழைந்து பார்க்கலாம் என்றால் கடவுச்சொல் அவரிடம் இருக்கிறது. பதிவான கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும்கூட அவருடையவை. அப்பாவோ "அவர் எனக்குத் துரோகம் செய்யமாட்டார்" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

அவசரக்காரன்:

நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். இவர்களையெல்லாம் உள்ளே தள்ளினால்தான் திருந்துவார்கள்.

ஓய்வு பெற்ற வங்கியாளர்:

காவல் நிலையம் எங்கும் ஓடிவிடாது. முதலில் சாவியை வாங்குங்கள் அம்மா. அதற்கு அவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. அப்பாவின் ஆதாரும் பானும் இணைந்திருந்து, ஆதாரில் அப்பாவின் சொந்த எண் இருந்தால், இ-ஃபைலிங் தளத்தில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதைத் தேர்ந்தெடுத்து ஆதார் ஓடிபி வழியாக மாற்றலாம். இணைய வங்கிக் கணக்கு இருந்தால் அதன் வழியாகவும் உள்ளே போகலாம்.

நுழைந்த கையோடு சுயவிவரத்தில் கைப்பேசி எண், மின்னஞ்சல் இரண்டையும் மாற்றிவிடுங்கள். துறை அனுப்பும் நோட்டீஸ் எல்லாம் இவ்வளவு நாளும் அவருக்குத்தான் போயிருக்கும். ரீஃபண்டுக்குக் கொடுத்திருக்கும் வங்கிக் கணக்கு அப்பாவுடையதுதானா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். அவர் உண்மையில் பட்டயக் கணக்காளரா (சி.ஏ.)? நம் ஊர்களில் வரிக் கணக்கு எழுதும் எல்லாரையும் ஆடிட்டர் என்றே அழைத்துப் பழகிவிட்டோம்.

மூத்த மகள்:

நன்றி ஐயா. ஆதார் ஓடிபி வேலை செய்தது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் செய்தேன். வங்கிக் கணக்கு அப்பாவுடையதுதான். அவர் பட்டயக் கணக்காளர் அல்லர். பலகையில் வரி ஆலோசகர் என்றுதான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நாங்கள் யாரும் அதைப் படித்ததில்லை.

உள்ளே பார்த்தால் இந்த ஆண்டுத் தாக்கல் "சரிபார்க்கப்படவில்லை" என்று நிற்கிறது. போன ஆண்டு 1,00,000 ரூபாய் பொய் நன்கொடை. அது சரிபார்க்கப்பட்டு ரீஃபண்டும் வந்துவிட்டது. இந்த ஆண்டு ஓய்வூதியம் 8,40,000, வட்டி 1,10,000, டிடிஎஸ், அதாவது முன்னதாகவே பிடித்த வரி, மொத்தம் 38,560.

கணக்காளர்:

இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

இந்த ஆண்டு அவருடைய அலட்சியமே உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் மின் சரிபார்ப்பு செய்யாவிட்டால், அதாவது கணக்கு நம்முடையதுதான் என்று இணையத்தில் உறுதிசெய்யாவிட்டால், அது உரிய தேதியில் தாக்கல் செய்ததாகக் கொள்ளப்படாது. இப்போது போய்ச் சரிபார்த்துவிடாதீர்கள்! பொய்க்கு நாமே கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். சரிபார்க்காத தாக்கலைக் கைவிட "டிஸ்கார்ட்" என்ற வசதி தளத்தில் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு, டிசம்பர் 31-க்குள் தாமதத் தாக்கலாகப் புதிதாகப் போடுங்கள். தாமதத் தாக்கலுக்கு, பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதிய வரிமுறை மட்டுமே உண்டு. மொத்தம் 9,50,000-இல் நிலையான கழிவு 75,000 போக 8,75,000. செஸ் (வரியின் மீதான கூடுதல் வரி) சேர்த்து வரி 39,000. டிடிஎஸ் போக 440 ரூபாயும் சொற்ப வட்டியும்தான் பாக்கி. தாமதக் கட்டணம் 5,000 தனி. அதைத் தவிர்க்க முடியாது.

போன ஆண்டுதான் வலிக்கும். திருத்தத் தாக்கலுக்கான காலம் முடிந்துவிட்டது. ஐடிஆர்-யு எனப்படும் புதுப்பித்த தாக்கல் ஒன்றுதான் வழி. நன்கொடையை நீக்கினால் 20 சதவீத அடுக்கில் செஸ் சேர்த்து 20,800 வரி. அதற்கு வட்டி, பிறகு இரண்டின் மீதும் 25 சதவீதம் கூடுதல். 2026 மார்ச் 31 தாண்டினால் அந்தக் கூடுதல் 50 சதவீதமாகிவிடும். துறை அந்த ஆண்டுக் கணக்கை ஆய்வுக்கு எடுத்துவிட்டால் இந்த வழியும் அடைபடும். தவறான தகவலுக்கு அபராதம் வரியைப்போல் இரு மடங்கு வரை போகலாம். பொய்க் கழிவுகளைத் தேடி 2025 ஜூலையில் நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் துறை சோதனை நடத்தியதை மறந்துவிடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் அதில் ஆலோசகரின் பெயர் இருக்காது, அப்பாவின் பெயர்தான் இருக்கும்.

பட்டயக் கணக்காளராக இருந்திருந்தால் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் ஒழுங்கு நடவடிக்கை கேட்டுப் புகார் கொடுத்திருக்கலாம். இவர் அதன் உறுப்பினர் அல்லர் என்பதால் அங்கே எடுபடாது.

மூத்த மகள்:

இந்த ஆண்டுக் கணக்கைப் புதிதாகப் போட்டு, ஆதார் ஓடிபி கொண்டு அப்போதே சரிபார்த்துவிட்டோம். போன ஆண்டுக்கு உண்மையான பட்டயக் கணக்காளர் ஒருவரைப் பிடித்திருக்கிறோம்.

அப்பா எப்படிச் சம்மதித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அபராதம், நோட்டீஸ், துறைச் சோதனை எதற்கும் அவர் அசையவில்லை. வருடாந்திரத் தகவல் அறிக்கையைத் திறந்து, அவருடைய ஓய்வூதியமும் வட்டியும் ரூபாய் பிசகாமல் துறையிடம் இருப்பதைக் காட்டினேன். தலையாட்டினார், அவ்வளவுதான். தாக்கல் நகலில் நன்கொடை என்றிருந்த இடத்தை விரல் வைத்துக் காட்டியபோதுதான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்தக் கட்சிக்குக் கொடுத்தேனாம்?" என்று கேட்டார். அரை மணி நேரம் அதே கேள்விதான். பழைய ஆலோசகருக்கு அவரே தொலைபேசியில் அழைத்தார். அவர் எடுக்கவில்லை.

இன்னொரு உதவி வேண்டும். அப்பாவின் நண்பர்கள் மூவரும் இவரிடமேதான் கணக்கு எழுதுகிறார்கள். ஒருவருக்கு 82 வயது. ஆதாரில் இருப்பது என்றோ தொலைந்த எண். இணைய வங்கியும் இல்லை. அவர் எப்படி உள்ளே நுழைவது?

ஓய்வு பெற்ற வங்கியாளர்:

ஆதாரில் எண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும். அலைய முடியாதவர் என்றால் தபால்காரரிடம் சொல்லி வையுங்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிறார்கள். 80 வயது கடந்தவர் சாதாரண ஓய்வூதியக் கணக்கைக் காகிதப் படிவத்திலும் கொடுக்கலாம் என்பதால் தாக்கலுக்காகப் பதற்றம் வேண்டாம். ஆனால் பழைய ஆண்டுகளில் என்னென்ன நன்கொடை கொடுத்திருக்கிறார் என்று பார்க்க உள்ளே போயே ஆக வேண்டும்.