ஃபைபர் படகு ஒட்டு: வெயிலில் வாளியிலேயே இறுகுது, மழையில் பிசுபிசுக்குது. என்ன கணக்கு?

மண்டபம்_வள்ளம்:
அடிப்பக்கத்தில் ஓரடி நீள விரிசல். எப்போதும் ஒரு கிலோ ரெசினுக்கு (ஃபைபரோடு சேர்ந்து இறுகும் பசைத் திரவம்) 20 மில்லி கேட்டலிஸ்ட். சித்திரை வெயிலில் பத்து நிமிடத்துக்குள் வாளி சுட்டு, புகைந்து, கல்லாகிவிடுகிறது. கார்த்திகை மழையில் அதே அளவு மறுநாளும் கையில் ஒட்டுகிறது. அளவை எப்படி மாற்றுவது?

உப்புக்காற்று:
தம்பி, கடையில் கேட்டலிஸ்ட் என்று தந்தாலும் அது வினையூக்கி இல்லை. எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு, வினையில் தானே உடைந்து தீர்ந்துபோகும் சரக்கு. வினையூக்கி வேலையைச் செய்வது ரெசினில் கலக்கும் ஊதா நிறக் கோபால்ட் திரவம். பெராக்சைடு உடையத் தேவையான கிளர்வு ஆற்றலை அதுதான் தாழ்த்துகிறது. உடைந்த துணுக்குகள் முதலில், ரெசின் டின்னிலேயே இறுகிவிடாமல் காக்கும் தடுப்பானைத் தின்று தீர்க்கும். அதுவரை கலவை சும்மா கிடக்கிற மாதிரி தெரியும், பிறகு சட்டென்று கூழாகும்.

10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 25 டிகிரியில் 20 நிமிடம் தாங்கும் கலவை 35இல் பத்து நிமிடம்தான். வாளியில் ஒரு கிலோவாகக் கிடந்தால் இன்னும் மோசம்: இறுகும்போது வரும் சூடு வெளியேற வழியில்லை, சூடு வேகத்தைக் கூட்டும், வேகம் சூட்டைக் கூட்டும். 250 கிராமாகக் கலந்து அகலமான தட்டில் பரப்புங்கள். வெயிலில் அதற்கு 2.5 மில்லி போதும். மூடியால் அளக்காமல் சிரிஞ்சில் எடுங்கள். அதற்கும் குறைத்தால் பாதியில் நின்றுவிடும், எத்தனை நாள் காய்ந்தாலும் இறுகாது.

தொண்டி_துடுப்பு:
மழைக்காலத்துக்குக் கிலோவுக்கு 40 மில்லி ஊற்றுங்க, தன்னால இறுகும்.

கீழக்கரை_பீக்கர்:
வேண்டாம் அண்ணே. பெராக்சைடு வெடிக்காமலிருக்க அதோடு எண்ணெய் மாதிரி ஒரு திரவம் கலந்திருப்பார்கள். அளவு மீறினால் அது உள்ளேயே தங்கி ஒட்டை மென்மையாக்கும். 20 மில்லியே உச்சம். குளிருக்கு, ரெசின் டின்னை மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டுக் கலக்குங்கள்.

முதலில் நகத்தால் குத்திப் பாருங்கள். மேலே மட்டும் பிசுக்கு, கீழே கெட்டி என்றால் காற்றிலுள்ள ஆக்சிஜன் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டது. அசிட்டோன் துணியால் துடைத்தால் போகும். அடுத்த முறை கடைசிப் பூச்சின் மேல் பாலியெஸ்டர் தாள் போர்த்துங்கள். அடிவரை கொழகொழவென்றால் ஈரம், இல்லை அளவுக் குறை. சுரண்டி எடுக்க வேண்டியதுதான். உப்பு படிந்த மரமும் ஃபைபரும் ஈரத்தை இழுக்கும், நல்ல தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிட்டே தேய்க்கணும்.

கோபால்ட்டையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்; கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரி.

மண்டபம்_வள்ளம்:
டின்னில் கோபால்ட் ஏற்கெனவே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

உப்புக்காற்று:
நிறத்தை நம்பாதீர்கள். 50 கிராம் ரெசினில் 1 மில்லி எம்.இ.கே.பி. மட்டும் விட்டு நிழலில் வையுங்கள். அரைமணிக்குள் கூழானால் இருக்கிறது. அப்படியென்றால் மேற்கொண்டு கோபால்ட் சேர்க்காதீர்கள்.