துக்க வீட்டில் துதிப்பாட்டு: எதில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது?

கொடிமுந்திரி (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டு ஜெபம் நடத்திப் பழகியவர்களிடம் ஒரு கேள்வி. எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒரு மணி நேரம். பதினைந்து பேர், ஒரு கிட்டார், ஒரு சின்னக் கீபோர்டு. மைக் கிடையாது. முதல் இருபது நிமிடம் கைதட்டிப் பாடும் துதிப்பாட்டு, பிறகு மெதுவான ஆராதனைப் பாட்டு இரண்டு, வசனம், ஜெபம். அடக்கம் முடிந்து பத்து நாள்கூட ஆகாத வீட்டிலும், பெரிய ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கும் வீட்டிலும் இதே வரிசையை வைக்கலாமா? “கஷ்டத்தில்தான் அதிகமாய்த் துதிக்க வேண்டும்” என்கிறார்கள் சிலர். “அங்கே போய்க் கைதட்டாதே” என்கிறார்கள் வேறு சிலர். எத்தனை பாட்டு, என்ன சுருதி, எவ்வளவு நேரம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் என்ன செய்வது என்பதையும் சேர்த்து.

மஸ்கீல்42

அப்படியே வைக்காதீர்கள். துதி அந்த வீட்டுக்கும் வேண்டும், ஆனால் அது முதலில் வராது.

13-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். ஆறே வசனம். முதல் இரண்டும் கேள்வி, “எதுவரைக்கும்” என்று திரும்பத் திரும்ப. 3, 4 மன்றாட்டு. 5-இல் கிருபையின்மேல் நம்பிக்கை. ஆறாவதில்தான் பாட்டு. உங்கள் கூட்டத்தையும் இதே நடையில் கொண்டுபோங்கள். போய் உட்கார்ந்ததும் ஐந்து நிமிடம் கிட்டாரைத் தொட வேண்டாம். ஒருவர் அந்தச் சங்கீதத்தை நிதானமாக வாசிக்கட்டும், 2-ஆம் வசனம் முடிந்ததும் ஒரு முழு நிமிடம் நிறுத்தட்டும். கூட்டம் தடுமாறுவது அந்த ஒரு நிமிடத்தில்தான். அமைதி தாங்காமல் யாராவது “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று சத்தமாக ஆரம்பித்துவிடுவார்கள், அழ வாயெடுத்தவர் விழுங்கிக்கொள்வார். வருகிற வழியிலேயே எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்து மூன்று பேர், ஆளுக்கு ஒரு நிமிடம், மன்றாட்டு ஜெபம். அந்த வீட்டார் மனப்பாடமாய் அறிந்த ஒரு பாட்டு. 5, 6 வசனங்களை எல்லாரும் சேர்ந்து வாசித்து, இன்னொரு பாட்டு. அதோடு எழுந்துவிடுங்கள். மொத்தம் 35 நிமிடம், மிஞ்சினால் 40.

“யூதாவின் ராஜா யோசபாத் யுத்தத்தில் பாடகரைப் படைக்கு முன்னே அனுப்பினானே” என்று கேட்பவர்கள் 2 நாளாகமம் 20-ஐ 21-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கிறார்கள். 3-ஆம் வசனத்தில் அவன் பயந்தான், உபவாசம் கூறினான். 12-இல் எங்களுக்குப் பெலன் இல்லை, செய்வது இன்னதென்று தெரியவில்லை என்று ஜனத்தின் முன்பாகவே ஒத்துக்கொண்டான். இவ்வளவும் நடந்த பிறகுதான் பாடகர்கள் புறப்பட்டார்கள். அந்தத் துதிக்கு அத்தனை வல்லமை இருந்ததில் இந்த ஒப்புக்கொடுத்தலுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் வாசிக்கிறேன்.

ஆலமரத்தடி

மஸ்கீல் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. “முதலில் வராது” என்பதை மட்டும் சட்டமாக்க வேண்டாம். பிள்ளைகள் இறந்த செய்தி வந்த அன்றைக்கே யோபு சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையிலே விழுந்து பணிந்தான் (1:20). பார்க்க வந்த சிநேகிதரோ ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (2:13). எனக்கு அளவுகோல் இதுதான்: வீட்டார் துதியை ஆரம்பித்தால் உடனே கூடச் சேர்ந்து பாடுங்கள், வந்தவர்கள் அதை அவர்கள்மேல் சுமத்த வேண்டாம். மனதுக்கமுள்ளவனிடம் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைவதுபோல என்று நீதிமொழிகள் 25:20 கண்டித்தே சொல்கிறது.

ஆகவே கூட்டத்துக்கு முந்தின நாளே அந்த வீட்டில் ஒருவரைக் கேளுங்கள்: எந்தப் பாட்டு வேண்டும், எந்தப் பாட்டு வேண்டவே வேண்டாம்? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. இறந்தவர் விரும்பிப் பாடிய பாட்டு சில வீட்டில் ஆறுதல், சில வீட்டில் தாங்க முடியாத ஒன்று. வெளியாருக்கு அது தெரிய வழியில்லை.

கின்னரம்

வாத்திய விஷயம் என் பங்கு. துக்க வீட்டில் பாட்டு விழுவதற்குப் பெரும்பாலும் சுருதிதான் காரணம். ரெக்கார்டிங்கில் பாடுகிறவர் உயர்ந்த குரல்காரர், அதே சுருதியில் நாமும் பிடிக்கிறோம். அழுத தொண்டை இறுகியிருக்கும், மேல் ஸ்வரம் ஏறாது. சரணத்தில் ஒவ்வொருவராக நிறுத்திவிட, கடைசியில் கிட்டார்க்காரர் மட்டும் பாடிக்கொண்டிருப்பார்.

நான்கு கட்டையில், அதாவது எஃப்-இல் பாடுவதை இரண்டு கட்டைக்கு, டி-க்கு இறக்குங்கள். மூன்று அரைச்சுரம் குறையும். உச்சத்தில் டி தொடும் பாட்டு பி-யோடு நின்றுவிடும், பெண்களும் பெரியவர்களும் சிரமமில்லாமல் பாடலாம். கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸை மைனஸ் மூன்றில் வையுங்கள். கிட்டாரில் கேப்போவை (கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கிளிப்) மூன்றாம் கட்டத்தில் போட்டு டி வடிவக் கார்டுகளால் எஃப் வாசிப்பவர் கேப்போவைக் கழற்றினால் போதும். கீழே எந்த ஸ்வரம் வரை போகிறது என்பதையும் ஒருமுறை பாடிப் பாருங்கள். அளவுக்கு மீறி இறக்கினால் பல்லவியே முணுமுணுப்பாகிவிடும்.

வேகம்: சோகம் என்பதற்காக இழுக்காதீர்கள். எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் அடி, நிமிடத்துக்கு 72 தட்டு என்றால் ஏழு வினாடிக்குள் முடியும். 50-க்கு இறக்கினால் பத்து வினாடியை நெருங்கும். விம்முகிறவரால் அவ்வளவு மூச்சுப் பிடிக்க முடியாது. 66 முதல் 72 வரை போதும். கீபோர்டில் ஆட்டோ ரிதம் வேண்டாம், பியானோவோடு மெல்லிய பேட் (பின்னணியில் நீளும் ஒலி) போதும். கடைசிப் பல்லவியில் அரைச்சுரம் ஏற்றும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். ஒரே கோரஸை ஏழெட்டுத் தடவை சுற்றுவதும் வேண்டாம், இரண்டு தடவை பாடி நிறுத்துங்கள்.

பாட்டுத் தேர்வில் ஒன்று: வயதானவர்களுக்குப் பாமாலையும் (மேல்நாட்டு மெட்டுப் பாட்டு) கீர்த்தனையும் (நம் ராகத்துப் பாட்டு) மனப்பாடம், இளையவர்களுக்குக் கோரஸ் (சின்னத் துதிப்பாட்டு). இரண்டிலும் ஒவ்வொன்று எடுங்கள். கீர்த்தனை என்றால் பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம். புதுப்பாட்டு கற்றுக்கொடுக்கும் இடம் இதுவல்ல, போனைப் பார்த்துப் பாடுகிறவர் பக்கத்தில் அழுகிறவரைப் பார்க்க மாட்டார்.

கொடிமுந்திரி

நன்றி ஐயா, மிகவும் பயன். ஆபரேஷன் வீட்டைப் பற்றி இன்னொன்று. “ஜெயம் கிடைத்துவிட்டது என்று அறிக்கை செய்து துதித்தால் நிச்சயம் சுகம்” என்று எங்கள் குழுவில் அழுத்தமாகச் சொல்கிறார்கள். அப்படிப் பாடலாமா?

ஆலமரத்தடி

சுகத்துக்காக முழு நம்பிக்கையோடு ஜெபியுங்கள். ஆனால் துதியை அதற்கு விலையாக வைக்காதீர்கள். தானியேல் 3-இல், ராஜாவின் சிலையை வணங்காததால் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபரும் 17-ஆம் வசனத்தில் தேவன் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள், 18-இல் விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்க மாட்டோம் என்கிறார்கள். இரண்டு வசனத்தையும் சேர்த்தே வாசியுங்கள். ஆபரேஷன் நினைத்தபடி நடக்காவிட்டால், “நான் சரியாகத் துதிக்கவில்லையோ” என்ற குற்ற உணர்வு நோயாளியின் தலையில்தான் விழும். அந்தப் பாரத்தை இறக்குவது பிறகு ரொம்பக் கஷ்டம்.

பிலிப்பி சிறையில் பவுலையும் சீலாவையும் பாருங்கள் (அப்போஸ்தலர் 16). அடிபட்ட முதுகு, தொழுமரத்தில் கால், நடு ராத்திரி. ஜெபித்தார்கள், துதித்துப் பாடினார்கள், மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமி அதிர்ந்து கதவு திறந்தும் அவர்கள் ஓடவில்லை. அந்த இரவு முடிவதற்குள் சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். கட்டு கழன்றதைவிட அதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றும்.

வெள்ளைப்போளம்

ஆஸ்பத்திரி பற்றி யாரும் எழுதவில்லையே. இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள். பத்து நிமிடம். வாத்தியம் கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பாடவே வேண்டாம், நர்ஸிடம் கேட்டுவிட்டுக் காதருகே ஒரு சங்கீதம் மட்டும் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது என்று நினைத்து நோயின் போக்கைப் படுக்கை ஓரத்தில் பேசவும் வேண்டாம். பொது வார்டு என்றால் பக்கத்துக் கட்டில்காரரின் தூக்கமும் உங்கள் பொறுப்பு. ஒரே சரணம், பேச்சுக் குரலில்.

மாஸ்க் போட்டிருப்பவரை “வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா” என்று வற்புறுத்தாதீர்கள். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்தபோது இயேசு பார்த்தது “அவர்கள் விசுவாசத்தை” (மாற்கு 2:5). பாட முடியாதவருக்காகக் கூட இருப்பவர் பாடலாம், அதில் குறையொன்றும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு வரும் இரவுகளுக்கும் ஏதாவது செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஆள் மாற்றி ஆள், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் போன் செய்து ஒரே ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வைத்துவிடலாம். 13, 42, 43, 77, 121, 130 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் 88-ஐயும் வாசியுங்கள். அது முடியும் வரைக்கும் இருட்டுதான், துதியாக மாறவே மாறாது. அதுவும் ஆலயத்தில் பாடக் கொடுக்கப்பட்ட சங்கீதம்தான். வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்லாமல் போனை வையுங்கள்.