பைன்ஃபோனும் புளூடூத் ஹெட்செட்டும்: கனடா கேட்கிறது, சுன்னாகம் கேட்கவில்லை

கோண்டாவிலிலிருந்து:

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பைன்ஃபோன் கைபேசியில் புளூடூத் ஹெட்செட் வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டுக் கேட்பது ஒரு கதை, பேசுவது வேறு கதை. பேசுவதிலும் இரண்டு வகை. கனடாவிலிருக்கும் அத்தை இணையம் வழியாக எடுத்தால் ஹெட்செட்டில் கணீரென்று கேட்கிறது. சுன்னாகத்திலிருக்கும் மாமா சிம் இலக்கத்துக்கு எடுத்தால் ஹெட்செட் ஊமையாகிவிடுகிறது. கூப்பிடு தூரத்தில் இருப்பவர் கேட்கவில்லை, கடல் கடந்தவர் கேட்கிறார். இதற்குக் காரணம் தெரிந்த பிறகுதான் எனக்கு இந்தக் கருவியின் மேல் இருந்த கோபம் ஆறியது.

முதலில் வன்பொருள். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஆறு சிறிய ஆளிகள் வரிசையாக இருக்கும். இரண்டாவது ஆளி வைஃபைக்கும் புளூடூத்துக்கும் பொதுவானது. ரியல்டெக்கின் ஆர்டிஎல்8723சிஎஸ் என்ற ஒரே சில்லுதான் இரண்டையும் கவனிக்கிறது. நகத்தால் தள்ள வேண்டாம், பல்குச்சி முனை போதும். இன்னொன்று, அந்தச் சில்லுக்குள் ஓடும் நிரலான ஃபேர்ம்வேர் திறந்த மூலமல்ல. முழுச் சுதந்திரக் கைபேசி என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் புளூடூத் எழும்பவே எழும்பாது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு இப்படிப்பட்ட கோப்புகளுக்கென 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் தனிப் பிரிவே ஒதுக்கியது. எனது பைன்ஃபோனில் ஓடும் மோபியன் டெபியனின் வழி வந்தது.

அமைப்புத் திரையில் தட்டி இணைப்பது நல்ல ஹெட்செட்டுகளுக்குப் போதும். கஸ்தூரியார் வீதியில் பேரம் பேசி வாங்கிய எனது மலிவுச் சரக்குக்கு அது போதவில்லை. கட்டளைகளைத் தட்டும் முனையத்தைத் திறந்து புளூடூத்சிடிஎல் நிரலுக்குள் போய், 'பவர் ஆன்', 'ஸ்கேன் ஆன்' கொடுத்தேன். அயல் வீட்டுத் தொலைக்காட்சி உட்பட எல்லாம் திரையில் ஓடின. நடுவே ஹெட்செட்டின் முகவரி, இரண்டிரண்டு எழுத்தாக, இடையிடையே முக்காற்புள்ளியோடு. அதைப் பிடித்து 'பெயார்', 'டிரஸ்ட்', 'கனெக்ட்' என்ற ஒழுங்கில் கொடுக்க வேண்டும். நடுவிலுள்ளதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், மறுநாள் ஹெட்செட் தானாக வந்து கதவைத் தட்டும்போது கைபேசி உங்கள் அனுமதிக்காகக் காத்து நிற்கும்.

இனி ஒலி. புளூடூத்தில் ஏ2டிபி என்றொரு முறை இருக்கிறது. பாட்டுக்கானது, இரு காதுக்கும் தனித்தனி ஒலி, ஆனால் ஒருவழிப் பாதை. ஒலிவாங்கிக்கு அதில் இடமில்லை. பேசுவதற்கு எச்எஃப்பி அல்லது எச்எஸ்பி என்ற முறை வேண்டும். அவை இருவழி, ஆனால் ஒற்றை ஒலி. பழைய குறிமுறையில் செக்கனுக்கு 8,000 மாதிரிகள்தான், எம்எஸ்பிசி என்ற புதிய குறிமுறை கிடைத்தால் 16,000. ஒலிவாங்கியை இயக்கியதும் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். ஹெட்செட் பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஒலி அமைப்பில் முறையை மாற்றிவிட்டால் பாட்டுப் பழையபடி வரும்.

மாமாவின் குரல் ஏன் வரவில்லை? பைன்ஃபோனில் சிம்மைக் கவனிக்கும் மோடம் குவெக்டெல் ஈஜி25-ஜி. அது தன்னளவில் ஒரு கணினி. அதற்குள் தனியாக ஒரு லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. சிம் அழைப்பின் குரல் மோடத்திலிருந்து நேர்க்கம்பியில் ஒலிப் பகுதிக்குப் போய், அங்கிருந்து காதுக்கு வந்துவிடுகிறது. ஹெட்செட்டைப் பராமரிக்கும் பைப்வயர் என்ற ஒலி நிரல் இருக்கும் பக்கமே அது எட்டிப் பார்ப்பதில்லை. தன் கைக்கு வராததைப் பைப்வயர் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? அத்தையின் அழைப்போ உலாவிக்குள் நடக்கிறது. அதன் ஒவ்வொரு துளியும் பைப்வயரின் கையால்தான் போகிறது. அதனால் ஹெட்செட்டுக்குத் திருப்புவது சுலபம்.

பருத்தித்துறையிலிருந்து:

அண்ணா, என்னிடம் இருப்பது லிப்ரெம் 5 என்ற இன்னொரு லினக்ஸ் கைபேசி. அதில் ஆளிகள் வெளியே, பக்கவாட்டில் மூன்று. சட்டைப் பையில் போடும்போது ஒன்று நகர்ந்துவிட்டால் புளூடூத் காணாமல் போய்விடும். எந்தப் பிரச்சினைக்கும் நான் முதலில் தடவிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

சிம் அழைப்பு விடயத்தில் இது கொஞ்சம் வேறு. மோடத்தின் ஒலியைப் பல்ஸ் ஓடியோ என்ற ஒலி நிரலுக்குள் கொண்டுவந்து கோர்ப்பதற்கு 'விஸ்' என்று ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறார்கள். ஒலி அங்கே வந்துவிட்டால் அதை எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம். நான் ஹெட்செட்டுக்குத் திருப்பினேன், கேட்டது. ஆனால் நான் சொல்வது சற்றுப் பிந்தி வருகிறது என்று அம்மா குறைப்படுகிறார். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, "சொல்லுங்கள் அம்மா", "இல்லை, நீ சொல்லு" என்று பாதி அழைப்பு போய்விடும். நீங்கள் 149 டொலருக்கு வெளிவந்த கைபேசியில் படும் பாட்டை நான் பல மடங்கு விலை கொடுத்துப் படுகிறேன், அவ்வளவுதான்.

திருநெல்வேலியிலிருந்து:

எனக்குப் பேசுவதைவிடக் கேட்பதுதான் முக்கியம். பாட்டு அறுந்து அறுந்து வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள விடுதி வீடுகளில் அறைக்கு ஒரு வைஃபை. பைன்ஃபோனின் வைஃபையோ 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும். புளூடூத்தும் அதே அலைவரிசையில், அதே சில்லில். வைஃபையை நிறுத்திவிட்டு, முன்பே இறக்கி வைத்த கோப்பைப் போட்டால் ஒரு வெட்டும் இல்லை.

திரை அணைந்து கைபேசி உறக்க நிலைக்குப் போனால் புளூடூத்தும் கூடவே அறுந்துவிடும். பாட்டு ஓடும்போது தூங்கவிடாமல் தடுக்கும் செயலியைத் தெரிவுசெய்யுங்கள், அல்லது தானியங்கி உறக்கத்தையே நிறுத்திவிடுங்கள். பற்றரி சீக்கிரம் இறங்கும், அதற்கு மருந்து இல்லை.

ஹெட்செட்டிலுள்ள நிறுத்தும் பொத்தான் வேலை செய்யவில்லை என்று யோசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. புளூசெட் என்ற புளூடூத் அடுக்கோடு 'எம்ப்ரிஸ்-புரொக்சி' என்றொரு நிரல் வருகிறது. அதை ஓடவிட்டதும் பொத்தானை அழுத்தினால் பாட்டு நின்றது.

மானிப்பாயிலிருந்து:

எல்லாம் வாசித்தேன் தம்பிமார். பைன்ஃபோனில் 3.5 மில்லிமீற்றர் துளை ஒன்று இருக்கிறதே, அதை ஏன் யாரும் கவனிக்கவில்லை? கம்பி ஹெட்செட்டைக் குத்தினால் சுன்னாகத்து மாமாவும் கேட்பார், கனடா அத்தையும் கேட்பார். சார்ஜ் போடும் தொல்லையும் இல்லை. ஆறாவது ஆளி மட்டும் ஹெட்போன் பக்கம் இருக்க வேண்டும். மறுபக்கம் இருந்தால் அந்தத் துளை நிரலாளர்கள் கைபேசியின் உட்குறிப்புகளை வாசிப்பதற்கான தொடர்வாயிலாக மாறிவிடும். நல்லூர்த் திருவிழா நாட்களில் கோவில் வீதியில் நின்று முயன்று பாருங்கள், நாதசுரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னால் கம்பியும் ஒன்றுதான், புளூடூத்தும் ஒன்றுதான்.

கோண்டாவிலிலிருந்து:

ஐயா சொல்வது சரி. சிம் அழைப்புக்கு நானும் இப்போது கம்பிதான் வைத்திருக்கிறேன். ஆனால் நான் அதிகம் கேட்பது தோட்டத்தில், வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறும்போது. குனிந்து வரம்பை வெட்டுகையில் கம்பி மண்வெட்டிப் பிடியில் மாட்டி, காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு சேற்றில் விழுகிறது. அங்கே புளூடூத்தை விட்டால் வேறு வழியில்லை.

பருத்தித்துறைத் தம்பி, அந்தப் பிந்தல் இணைய அழைப்பிலும் வருகிறதா, சிம் அழைப்பில் மட்டுமா? இணையத்தில் வராமல் சிம்மில் மட்டும் வந்தால், புளூடூத்தைவிட அந்தக் கோர்வையில்தான் எனக்குச் சந்தேகம். கைபேசியின் சொந்தக் காதுஒலிப்பானில் ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.