குடும்பக் குழு: வாசலுக்கு ஓர் ஆவாரை

நான் (மாலை 6:10): பெரியப்பா, இந்த போட்டோவைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு நர்சரியில் ஆவாரஞ்செடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது ஜன்னலைத் தாண்டிப் போகிறது. எனக்கு இடுப்பளவில் புதராக நிற்கிற செடிதான் வேண்டும்.

பெரியப்பா (6:18): பூ மஞ்சள்தான். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு.

நான் (6:21): 📷

பெரியப்பா (6:30): இது ஆவாரை இல்லை தாயி. ஆவாரைக்கு அந்த இடத்தில் காது மடல் மாதிரி இரண்டு பக்கமும் சின்ன இலைகள் ஒட்டியிருக்கும். அதன் தாவரப் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. ஆரிகுலேட்டா என்றால் காதுள்ளது என்று அர்த்தம். காயும் தட்டையாக, காகிதம் போல மெலிசாக இருக்கும். உனக்குக் கொடுத்தது மரமாகப் போகிற வேறு கொன்றை வகை.

நான் (6:32): ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தேனே. மனசு கஷ்டமாக இருக்கிறது.

அத்தை (6:35): விடு கண்ணு. கோவில்பட்டி ரோட்டோரம் முழுக்க ஆவாரைதான் நிற்கிறது. ஒன்றைப் பிடுங்கி வந்து வைத்துவிடலாமே?

பெரியப்பா (6:41): பிடுங்கினால் பிழைப்பது கஷ்டம் தங்கச்சி. ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும், அது அறுந்தால் செடி வாடிவிடும். விதை போடுவதுதான் சரி. விதையின் தோல் கெட்டி. நன்றாகச் சூடான தண்ணீரை ஊற்றி, அப்படியே ஆறவிட்டு, ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் உப்பியிருப்பதை மட்டும் எடுத்து, செடி நிற்கப்போகிற இடத்திலேயே ஊன்று. ஐப்பசி மழை தொடங்கும்போது போட்டால் முளைக்கத் தேவையான ஈரத்தை மழையே கொடுக்கும்.

நான் (6:44): வீட்டு முன்னால் கரிசல்தான். பரவாயில்லையா?

பெரியப்பா (6:52): கரிசலில் வரும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. சரளைக் கலந்து ஒரு சாண் மேடு கட்டு. செடிக்குச் செடி நாலடி விடு. வேர் பிடித்த பிறகு தினமும் ஊற்றாதே. வெயிலில் நிற்கப் பிறந்த செடி அது, ஈரம் அதிகமானால் வேர் அழுகும். உரமும் வேண்டாம். வயலுக்குத் தழை உரமாக ஆவாரையைத்தான் அப்பா வெட்டிப் போடுவார்.

தம்பி (7:05): வெட்டாமல் விட்டால் இதுவும் ஆள் உயரம் தாண்டுமே பெரியப்பா?

பெரியப்பா (7:20): தாண்டும். அதனால்தான் முதலிலேயே பழக்க வேண்டும். ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு, பக்கக் கிளை வரும். அப்புறம் ஒவ்வொரு பெரிய பூப்பு முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டு. பூ கிளை நுனியில்தான் வரும், அதனால் புதுக்கிளை எத்தனையோ அத்தனை கொத்து. வெட்டினால் செத்துவிடும் என்று பயப்படாதே. அந்தக் காலத்தில் தோல் பதனிடப் பட்டைக்காக வெட்டிக்கொண்டே இருந்தார்கள், அடியிலிருந்து திரும்பத் தழைத்தது.

தம்பி (7:24): எங்கள் காலேஜில் இருக்கிற ஆவாரையில் பச்சைப் புழு நிறைய. மருந்து அடிக்கலாமா?

பெரியப்பா (7:33): அடிக்கவே கூடாது. வெளிர் நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று கூட்டமாகப் பறக்குமே, அதன் பிள்ளைகள். இலை திரும்ப வந்துவிடும். இன்னொன்று, ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். மகரந்தம் இருக்கிற பையின் நுனியில் சின்னத் துளை. வண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் பொடி கொட்டும். காலையில் செடி பக்கம் போய் நில், அந்த ரீங்காரம் தனியாகக் கேட்கும். மருந்து அடித்தால் வண்டும் போய்விடும், காயும் பிடிக்காது.

அத்தை (7:40): பொங்கலுக்குக் கண்ணுப்பிள்ளைச் செடியோடு சேர்த்துக் காப்புக் கட்ட வீட்டுப் பூவே கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பூவைக் காயவைத்து டீயும் போடலாம். எனக்குச் சர்க்கரைக்கு நல்லதாமே.

சித்தி (7:46): மைனி, நீங்கள் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்கள். இதையும் தினமும் குடித்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடியுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

அத்தை (7:48): சரிம்மா, கேட்கிறேன்.

பெரியப்பா (7:55): நம் காட்டு வரப்பில் காய் முற்றி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் மேட்டைக் கட்டி வை தாயி. அந்தக் கொன்றையை வெட்டிவிடாதே, பின்பக்கம் இடம் இருந்தால் மழைக்காலத்தில் மாற்றி வைத்துப் பார்க்கலாம்.

நான் (7:57): நாளைக்கே சரளை சொல்லிவிடுகிறேன் பெரியப்பா. கூடுதலாக நாலு காய் கொண்டுவாருங்கள், பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டார்கள்.